பைலட் இரண்டு பேருமே மயங்கிவிட்டால் விமானத்தை நாம் இறக்க முடியுமா? முழுமையான வழிகாட்டி

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, கும்பகோணம் என்று டெல்டாவில் எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு நாலு வீட்டில் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று யாராவது இருப்பார்கள். எல்லாருக்கும் வாசல் திருச்சி ஏர்போர்ட்தான். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை அன்று சாயங்காலம், திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் திருச்சி, புதுக்கோட்டை வானத்திலேயே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்தது ஞாபகம் இருக்கும். டிராக்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் நாங்கள், அது இறங்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைப்பதற்காகத்தான் அத்தனை நேரம் சுற்றினார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் உள்ளே இருந்த 140-க்கும் மேற்பட்டவர்களும் பத்திரமாக இறங்கினார்கள்.

மறுநாள் டீக்கடையில் பக்கத்துத் தெரு மாமா ஒருவர் கேட்டார்: "தம்பி, நேத்து பைலட்டு நல்லா இருந்தாரு, இறக்கிட்டாரு. பைலட்டுக்கே ஒண்ணு ஆயிட்டா? உள்ள இருக்கிற நம்ம புள்ளைங்கள்ல ஒருத்தன் இறக்க முடியுமா?" அவர் மகன் கோலாலம்பூரில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிறான். அந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. விமானங்களைப் பற்றி வருஷக்கணக்காகப் படித்து வருகிறேன், காசு கட்டி, தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் ஒன்றில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். அதை வைத்து முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஜெட் விமானத்தைப் பயிற்சியே இல்லாத ஒருவர் கையால் ஓட்டி இறக்குவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருந்து, ரேடியோவில் ஆள் கிடைத்து, நீளமான ரன்வேயும் நல்ல வானிலையும் அமைந்து, விமானமே தானாக இறங்கும் வசதியைப் பயன்படுத்தினால் முடியலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "முடியும்", "முடியவே முடியாது" என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நிஜத்தில் பெரிய பயணிகள் விமானம் ஒன்றைப் பயிற்சியற்ற பயணி இறக்கியதாக இதுவரை பதிவு இல்லை.

சின்ன விமானங்களில் நடந்திருக்கிறது. 2022 மே மாதம் பஹாமாஸிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் போன செஸ்னா கேரவன் விமானத்தில் விமானி நினைவிழந்தபோது, விமானம் கீழ்நோக்கிப் பாயத் தொடங்கியிருந்தது. டேரன் ஹாரிசன் என்ற பயணி முன்னால் எட்டி, மெதுவாக அதை மேலே தூக்கி, ரேடியோவில் பேசி, பாம் பீச் விமான நிலையத்தில் இறக்கினார். தரையிலிருந்து அவருக்கு வழி சொன்ன கண்ட்ரோலர் ராபர்ட் மார்கன், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரும்கூட. 2013-இல் இங்கிலாந்தின் ஹம்பர்சைடில் 77 வயது ஜான் வைல்டி இருட்டில் ஒரு சின்ன செஸ்னாவை மூன்று முறை முயன்று நான்காவது முறை இறக்கினார். இரண்டு கதையிலும் பயணியின் துணிச்சல் அளவுக்கு, காதில் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரலும் முக்கியம்.

இப்போது படிப்படியாக வருவோம்.

இருக்கையிலிருந்து எழுவதற்கு முன்

இரண்டு விமானிகளும் ஒரே நேரத்தில் செயலிழப்பது மிக மிக அபூர்வம். இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது என்று பல நிறுவனங்கள் விதியே வைத்திருக்கின்றன. ஒருவருக்கு மயக்கம் வந்தால் இன்னொருவர் தனியாளாகவே இறக்கிவிடுவார், அதற்குப் பயிற்சி இருக்கிறது. அதையும் மீறி நடந்துவிட்டால் ஏர்ஹோஸ்டஸ் முதலில் மைக்கில் கேட்பது, பயணிகளில் விமானி யாராவது இருக்கிறீர்களா என்றுதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பைலட், விமானப்படையில் இருந்தவர், பயிற்சி மாணவர் என்று யாராவது இருக்க வாய்ப்பு உண்டு. அப்படி ஒருவர் எழுந்தால் அவருக்கு வழிவிட்டு உட்காருங்கள்.

யாருமே இல்லை, நீங்கள்தான் போக வேண்டும் என்றால், முன் இருக்கையின் பையில் இருக்கும் பாதுகாப்பு அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பஸ் ஏ320-ஆ, போயிங் 737-ஆ என்று அதில் அச்சிட்டிருக்கும். தரையில் இருப்பவர் உங்களிடம் முதலில் கேட்கப்போகும் விஷயங்களில் ஒன்று அது. இன்னொன்று, தலைக்கு மேலே ஆக்சிஜன் முகமூடி தொங்கிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நடக்கவே கூடாது. ஊழியர்களிடம் கையில் தூக்கிப் போகும் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும், அதோடுதான் நகர வேண்டும். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் முகமூடி இல்லாமல் தெளிவாக யோசிக்க ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது.

காக்பிட் கதவை நீங்கள் இடிக்க வேண்டியதில்லை. அவசரத்தில் உள்ளே போகும் முறை ஊழியர்களுக்குத் தெரியும், அது அவர்கள் பொறுப்பு. மயங்கிய விமானியைக் கட்டுப்பாட்டுக் கருவிகளிலிருந்து பின்னுக்கு இழுத்து, தோள்பட்டை பெல்ட்டைப் பூட்டி, இருக்கையைப் பின்னால் தள்ளுவதற்கும் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. அந்த உடம்பு முன்பக்கம் சாய்ந்து எதையும் அழுத்தாமல் இருப்பது ரொம்ப முக்கியம்.

உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை: எதையும் தொடாமல் இருப்பது

பெல்ட் போடுங்கள். கை இரண்டையும் மடியில் வையுங்கள். கால்களைக் கீழே இருக்கும் பெடல்கள் மேல் வைக்காதீர்கள். இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், போகிற வழியில் ஆட்டோபைலட் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அது ஓடும்வரை விமானம் நேராக, ஒரே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். எரிபொருள் இருக்கும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. பதற்றத்தில் ஸ்டிக்கைப் பிடித்து இழுத்தால் அந்த நேரத்தை நீங்களே தொலைத்துவிடுவீர்கள். ஏர்பஸில் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஸ்டிக்கின் தலையில் ஒரு சிவப்புப் பொத்தான், போயிங்கில் ஸ்டீயரிங் கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான். இரண்டுமே ஆட்டோபைலட்டைத் துண்டிப்பவை. அந்தப் பக்கமே விரல் போக வேண்டாம்.

உங்கள் முன்னால் இருக்கும் திரையைப் பாருங்கள். நடுவில் மேல்பாதி நீலம், கீழ்பாதி பழுப்பு. நீலம் வானம், பழுப்பு தரை. நடுக்கோடு படுக்கையாக, நட்டு முடித்த வயலில் தண்ணீர் மட்டம் நிற்பது போல நின்றால் விமானம் சமமாகப் பறக்கிறது. இடப்பக்கம் ஓடும் எண்கள் வேகம், வலப்பக்கம் உயரம். இந்த மூன்றும் ஆடாமல் இருந்தால் மூச்சு விடலாம்.

ஆட்டோபைலட் துண்டிக்கப்பட்டிருந்தால்? அப்போது மட்டும் ஸ்டிக்கைத் தொட வேண்டும். கோடு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே, முட்டையைப் பிடிக்கிற மாதிரி மெதுவாகத் திருப்பி, கோடு படுக்கையானதும், விமானிகள் இருவருக்கும் நடுவே கண்ணாடிக்குக் கீழே நீளமாக இருக்கும் பேனலில் ஆட்டோபைலட் பொத்தானை அழுத்துங்கள். ஏர்பஸில் 'ஏபி 1' என்றும், போயிங் 737-இல் 'சிஎம்டி' என்றும் எழுதியிருக்கும். விளக்கு எரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ரேடியோ: உயிர் இங்கேதான் இருக்கிறது

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் போன ஹீலியோஸ் 522 விமானத்தில் காற்றழுத்த அமைப்பின் சுவிட்ச் தவறான நிலையில் இருந்ததால் உள்ளே ஆக்சிஜன் குறைந்து விமானிகள் உட்பட ஏறக்குறைய எல்லாரும் மயங்கிவிட்டார்கள். ஆட்டோபைலட் மட்டும் சொன்ன வேலையைச் செய்துகொண்டு ஏதென்ஸ் வானத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. ஆந்த்ரியாஸ் புரோத்ரோமு என்ற விமானப் பணியாளர் கையடக்க ஆக்சிஜனோடு கடைசியில் காக்பிட்டுக்குள் வந்து சேர்ந்தார். அவரிடம் விமானி உரிமமே இருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்த சமயத்திலேயே எரிபொருள் தீர்ந்து இடப்பக்க என்ஜின் நின்றுவிட்டது. "மேடே" (உயிருக்கு ஆபத்து, உதவி வேண்டும்) என்று ரேடியோவில் கூப்பிட்டார். ரேடியோவோ கிளம்பிய ஊரான லார்னகாவின் அலைவரிசையிலேயே இருந்தது, ஏதென்ஸில் யார் காதிலும் அது விழவில்லை. பக்கத்தில் பறந்து வந்த போர் விமானத்தின் விமானியைப் பார்த்து அவர் கையசைத்திருக்கிறார். 121 பேரும் இறந்துபோனார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓட்டத் தெரிந்த ஒருவரையே நேரமும் ரேடியோவும் கைவிட்டன.

அதனால் சீக்கிரம் போக வேண்டும், போனதும் பேச வேண்டும். ஹெட்செட்டை மாட்டுங்கள். பேசுவதற்கான விசை ஏர்பஸில் ஸ்டிக்கின் முன்பக்கம் துப்பாக்கி விசை மாதிரி இருக்கும், போயிங்கில் ஸ்டீயரிங் கைப்பிடியின் பின்பக்கம். அது சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருக்கைக்குப் பக்கத்தில் சுருள் ஒயரோடு கையில் பிடித்துப் பேசும் மைக் ஒன்று தொங்கும், போலீஸ் ஜீப்பில் பார்த்திருப்பீர்களே, அது நல்லது. அழுத்திப் பேசுங்கள், விட்டுவிட்டுக் கேளுங்கள். அழுத்திக்கொண்டே இருந்தால் பதில் உங்களுக்குக் கேட்காது.

அலைவரிசையை உடனே மாற்றாதீர்கள். விமானிகள் கடைசியாக யாரோடு பேசினார்களோ அவர்கள் இன்னும் அதில் காத்திருப்பார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் சென்னைக் கண்ட்ரோலாக இருக்கும். இரண்டு மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், இருக்கைகளுக்கு நடுவே உள்ள ரேடியோ பெட்டியில் 121.500 என்று வையுங்கள். உலகம் முழுக்க அவசரத்துக்கான அலைவரிசை அது. பக்கத்தில் பறக்கும் விமானங்களும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். முடிந்தால், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியில் 7700 என்று போடுங்கள், ரேடார் திரையில் உங்கள் விமானம் தனியாகத் தெரியும்.

"மேடே" என்று மூன்று முறை சொல்லி, விமான எண், விமானிகள் இருவருக்கும் நினைவில்லை, நான் பயணி, எனக்கு ஓட்டத் தெரியாது, ஆட்டோபைலட் ஓடுகிறது, இவ்வளவு உயரம், இவ்வளவு வேகம் என்று சொன்னால் போதும். ஆங்கிலம் தடுமாறினால் கூச்சப்படாமல் தமிழிலேயே பேசுங்கள். சென்னை, திருச்சி வான்பரப்பில் தமிழ் தெரிந்த ஒருவர் எந்த நேரமும் கேட்டுக்கொண்டிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

தரையில் அதே ரக விமானம் ஓட்டும் விமானியையோ பயிற்சியாளரையோ பிடித்து வந்து உங்களோடு பேச வைப்பார்கள். அதற்கப்புறம் உங்கள் வேலை கேட்பது, செய்வதற்கு முன் திருப்பிச் சொல்வது, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் செய்வது. அறுவடை மிஷின் எங்கள் வயலுக்கு முதன்முதலாக வந்தபோது டிரைவர் அண்ணன் என்னைக் கேபினில் ஏற்றி, "தம்பி, இந்த லீவர மட்டும் பிடிச்சுக்க, சொன்னா மட்டும் தள்ளு" என்றார். அவர் "இரு" என்று சொன்னது என்ஜின் சத்தத்தில் "இறக்கு" என்று காதில் விழ, நான் தள்ளிவிட்டேன். முன்னால் இருந்த கத்திப் பலகை வரப்பில் குத்தி நின்றது. கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. விமானத்தில் திருப்பிச் சொல்வதை உலகம் முழுக்கச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

நாலு குமிழ்கள்

கண்ணாடிக்குக் கீழே நான் சொன்ன அந்த நீள பேனலில் வேகம், திசை, உயரம், ஏறும் இறங்கும் வேகம் என நாலு குமிழ்கள் இருக்கும். ஆட்டோபைலட் ஓடும்போது விமானத்தை ஓட்டுவது உண்மையில் இவற்றைத் திருப்பித்தான். திசைக் குமிழில் 270 வைத்தால் அதுவாகவே சாய்ந்து மேற்கே திரும்பும். ஏர்பஸில் ஒரு நுணுக்கம் உண்டு: குமிழை வெளியே இழுத்தால் நீங்கள் வைத்த எண்ணைக் கேட்கும், உள்ளே அழுத்தினால் கம்ப்யூட்டர் போட்ட திட்டத்துக்குத் திரும்பிவிடும். இழுக்கச் சொன்னார்களா அழுத்தச் சொன்னார்களா என்பதை எப்போதும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

எங்கே இறங்குவது?

திருச்சிக்கே போய்விடலாம் என்றுதான் நம் மனசு சொல்லும். கிழக்கே தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வயல்களைத் தாண்டி இறங்கும் அந்த வழி நமக்குப் பழக்கம், கல்லணையும் கொள்ளிடமும் ஜன்னலில் தெரிந்தாலே வீடு வந்த மாதிரி. ஆனால் திருச்சி ரன்வே சுமார் 8,000 அடி. விமானிக்கு அது தாராளம், உங்களுக்கு அல்ல. சென்னையின் பெரிய ரன்வே சுமார் 12,000 அடி. பெங்களூரில் அதைவிடவும் நீளம், கண் தெரியாத பனிமூட்டத்திலும் தானாக இறங்குவதற்கு வேண்டிய கருவிகள் அங்கே இருக்கின்றன. எரிபொருளும் வானிலையும் இடம் கொடுத்தால் உங்களைப் பெரும்பாலும் அப்படி ஓர் இடத்துக்குத்தான் அனுப்புவார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எல்லாமே மாறலாம், பக்கவாட்டுக் காற்று பலமாக அடித்தால் தானாக இறங்கும் வசதியையே நம்ப முடியாது. இடத்தை முடிவு செய்வது தரையில் இருப்பவர்கள் வேலை, வாதாட வேண்டாம்.

இறங்கும் வழி

தானாகத் தரையிறங்கும் தொழில்நுட்பம் புதிதல்ல. 1965 ஜூனிலேயே லண்டன் ஹீத்ரோவில் ஒரு டிரைடென்ட் விமானம் பயணிகளோடு இப்படி இறங்கியிருக்கிறது. ரன்வேயிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆட்டோபைலட் பிடித்துக்கொண்டு, ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி என்ற சரிவில் இறங்கிக்கொண்டே வரும். ஆனால் அதற்கு முன் விமானத்தைத் தயார்படுத்துவது மனிதர் கையில்தான் இருக்கிறது: ரன்வேயின் அலைவரிசையை ஏற்றுவது, வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது, இறக்கையின் பின்பக்கம் விரியும் பலகையான ஃபிளாப்பை ஒவ்வொரு கட்டமாக விரிப்பது, சக்கரத்தை இறக்குவது, தானியங்கி பிரேக்கை வைப்பது.

ஃபிளாப் லீவர் நடு மேடையின் வலப்பக்கம் இருக்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து நகரும். சொன்ன வேகத்துக்கு வந்த பிறகுதான் நகர்த்த வேண்டும். சக்கர லீவரைக் கண்டுபிடிப்பது சுலபம், அதன் தலையே சின்னச் சக்கரம் போல இருக்கும், நடுப் பேனலில் வலப்பக்கம். கீழே தள்ளினால் தடதடவென்று சத்தம் வரும், பயப்படாதீர்கள், மூன்று பச்சை விளக்குகள் எரிய வேண்டும். பிறகு ரன்வேயை நோக்கி இறங்க வைக்கும் 'அப்ரோச்' பொத்தானை அழுத்தச் சொல்வார்கள், இரண்டாவது ஆட்டோபைலட்டையும் போடச் சொல்வார்கள். ஏர்பஸ் என்றால் கடைசி 400 அடிக்குக் கீழே திரையின் மேல்பக்கம் 'லேண்ட்' என்ற சொல் வரும். அது வந்துவிட்டால் கையை எடுத்துவிட்டு உட்காருங்கள்.

தரையைத் தொடும் சமயத்தில் ஏர்பஸ் ஆண் குரலில் "ரிட்டார்ட், ரிட்டார்ட்" என்று சொல்லும். நடுவில் இருக்கும், என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு த்ரஸ்ட் லீவர்களையும் முழுசாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்று அர்த்தம். போயிங்கில் அதுவே பின்னுக்கு வந்துவிடும். சில 737-களில் தொட்டதற்குப் பிறகு ரன்வேயின் நடுக்கோட்டில் ஓட வைப்பது உங்கள் பொறுப்பு, அப்போதுதான் காலைப் பெடலில் வைக்க வேண்டும். வலதை அழுத்தினால் வலம், இடதை அழுத்தினால் இடம், மேல்நுனியை அழுத்தினால் பிரேக்.

கையால் இறக்க வேண்டி வந்தால்

சிமுலேட்டரில் நான் முதல் தடவை உதவி எதுவும் இல்லாமல் முயன்றேன். ஏ320, தெளிவான பகல், காற்று இல்லை, ரன்வே நேர் எதிரே பத்து மைலில். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது, தூக்கினேன், அது மேலே போய் வேகம் குறைந்தது, தாழ்த்தினேன், வேகம் ஏறியது. நான் சரிசெய்வதற்குள் விமானம் அடுத்த தவறுக்குப் போய்விடுகிறது. ஜெட் என்ஜின் லீவரைத் தள்ளிய உடனே வேகம் பிடிக்காது, சில விநாடிகள் எடுக்கும், அதற்குள் நீங்கள் இன்னும் தள்ளியிருப்பீர்கள். ரன்வேயைத் தொடுவதற்கு முன்பே நான் வயலில் இருந்தேன்.

இரண்டாவது தடவை பயிற்சியாளர் பக்கத்து அறையிலிருந்து ரேடியோவில் பேசினார், ஆட்டோபைலட்டை வைத்து நாற்பது நிமிஷத்தில் இறங்கினேன். உள்ளங்கை வியர்த்து ஹெட்செட் ஒயரில் ஒட்டியது. அது சிமுலேட்டர் என்று தெரிந்தும், பின்னால் யாரும் அழவில்லை என்று தெரிந்தும்.

கடைசிக் கட்டத்தில் விமானம் மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில், விநாடிக்குப் பன்னிரண்டு அடி வீதம் இறங்கிக்கொண்டிருக்கும். முப்பது அடி உயரத்தில் மூக்கைச் சரியான அளவு தூக்க வேண்டும். முந்தினால் மிதந்து ரன்வேயைத் தின்றுவிடும், பிந்தினால் சக்கரம் முறியும். முடிவெடுக்கக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. பயணிகள் விமானத்துக்குத் தலைமை விமானியாக வேண்டும் என்றால் இந்தியாவில் 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

நம்பிக்கை மட்டும் எல்லாருக்கும் தாராளமாக இருக்கிறது. 2023 ஜனவரியில் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்காவில் கேட்டபோது ஏறக்குறைய பாதி ஆண்கள் கண்ட்ரோலர் உதவியோடு தங்களால் இறக்க முடியும் என்றார்கள். 2022-இல் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகம், ஒன்றுமே கற்றுக்கொடுக்காத நாலு நிமிஷ வீடியோவைக் காட்டியதற்கே மக்களின் நம்பிக்கை கூடிவிட்டதாகக் கண்டது. யூடியூபில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதனால் ஆட்டோபைலட்டும் கெட்டு, கையால்தான் என்று ஆகிவிட்டால், ரேடியோவில் இருப்பவர் சொல்லும் எண்களை மட்டும் பிடியுங்கள்: இந்த வேகம், மூக்கு இத்தனை டிகிரி. வெளியே பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சக்கரம் வெளியே, இறக்கைகள் சமம், வேகம் குறைவு. இந்த மூன்றும் சரியாக இருந்தால், மோசமாக இறங்கினாலும் உள்ளே இருப்பவர்களில் பலர் பிழைக்க வழி உண்டு.

நின்ற பிறகு

பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். என்ஜின்களை நிறுத்துங்கள், ஏர்பஸில் த்ரஸ்ட் லீவர்களுக்குப் பின்னால் இரண்டு சுவிட்சுகள், போயிங் 737-இல் த்ரஸ்ட் லீவர்களுக்குக் கீழே இரண்டு சின்ன லீவர்கள். என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் திறந்து சறுக்கில் இறங்கினால் அதில் இழுக்கப்படுவார்கள், ஆகவே இதை மறக்கவே கூடாது. நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொல்லுங்கள். கதவு எப்போது, எந்தப் பக்கம் என்பதை ஊழியர்களும் வெளியே வந்து நிற்கும் தீயணைப்புக்காரர்களும் முடிவு செய்வார்கள். அதுவரை ஹெட்செட்டைக் கழற்றாமல் அந்த இருக்கையிலேயே இருங்கள், பின்னால் மயங்கிக் கிடக்கும் விமானிக்கு மூச்சு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.